எலி பிடுங்கிய ஊதுபத்தி

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன்.

ஒரு பழைய காருக்குள்ள ஒரு எலி குடியிருந்தது. கொஞ்ச நாளாகக் கார் முழுக்கப் பெட்ரோல் நாற்றம் என்று எலி புலம்பியது.

"நாத்தமாடா? எத்தனை கல்யாணப் பொண்ணுங்களை ஏத்துனவன் நான்! பெட்ரோலும் மல்லிகையும் கலந்து மணப்பேன்," என்றது கார்.

"மல்லிகை எப்பவோ போயிருச்சு, தாத்தா," என்ற எலி மோப்பம் பிடித்துப் போனது. எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் கீறல் விழுந்து பெட்ரோல் கசிந்தது.

அதற்குள் நாற்றத்தை மறைக்க ஊதுபத்தியோடு வந்த கார்க்காரர் தீப்பெட்டியை எடுத்தார்.

"எரியப் போறோமேடா!" என்று நடுங்கியது கார்.

எலி ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு எஞ்சினுக்குள் ஓடியது. "திருட்டுப் பயலே!" என்று கார்க்காரர் பானட்டைத் தூக்கினார். கசிகிற கீறலில் ஊதுபத்தி செருகியிருந்தது. தீப்பெட்டியைத் தூர எறிந்தார்.

சாயங்காலமே புதுக் குழாய் மாட்டியாச்சு.

"இப்ப எனக்கு வாசனையே இல்லையேடா," என்றது கார்.

எலி தன் கூட்டிலிருந்து காய்ந்த மல்லிகைச் சரம் ஒன்றை இழுத்துவந்து பின்சீட்டில் வைத்தது.