முதல் பங்கு

ஒரு செம்மறியாட்டின் குடலுக்கும் பின்னங்காலுக்கும் எப்போதும் பங்குத் தகராறுதான். புல் கொழித்த காலத்தில் குடல் பருத்துக்கொண்டே போனது. தீனியால் வந்த தெம்பில் பெரும்பங்கை அதுவே தின்றது.

"இவ்வளவையும் செரிக்க வைக்கிறது யாரு? நான்தானே!" என்று அதட்டும். கால் தன்பாட்டுக்கு நடக்கும்.

கோடையில் புல் அற்றுப்போனது. குடலும் சுருங்கிச் சிக்கனமாகக் கிடந்தது. "அப்போ இவ்வளவு கொஞ்சத்திலேயே உன்னால காலம் தள்ள முடியுதா?" என்று கேட்டது, மெலிந்துபோன கால்.

மழை பெய்து காடு துளிர்த்தது. மெலிந்து, எழ முடியாமல் படுத்துக் கிடந்த ஆட்டுக்கு மேய்ப்பன் ஒரு கட்டுப் புல் கொண்டுவந்து போட்டான்.

"எனக்கும் கொஞ்சம் விடுப்பா, எழுந்து நிக்கணும்" என்று கால் கெஞ்சியது.

"முதல்ல நான் தேறணும். இனிமே வரப்போற புல்லை யாரு செரிக்க வைக்கிறது?" என்றது குடல்.

மறுநாள் மந்தை மேய்ச்சலுக்குக் கிளம்பியது. கால் எவ்வளவோ முயன்றும் ஆட்டால் எழ முடியவில்லை. உள்ளே குடல் பழையபடி பருத்து, புல்லுக்காகக் காத்துக் கிடந்தது.