ஏற்றத்தில் ஒரு நீலப் புள்ளி

ஸ்பெயினில், ஆலிவ் தோட்டக் குன்றுகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டப் போன ஷெர்வின், மூன்றாம் நாள் ஒரு ஏற்றத்தில் நெஞ்சு படபடத்ததும் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு அஸ்தினாபுரத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டான். நாடித்துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டினால் இதயம் தாங்காது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

அவன் போன வழியை மனைவி ஜெரூஷா தன் போனில் ஒரு நீலப் புள்ளியாகப் பார்த்து வந்தாள். அவன் வீடு வந்த மறுநாளும் அந்தப் புள்ளி அதே மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு என்று காட்டியது.

“என்னங்க இது, இன்னும் ஏறிக்கிட்டே இருக்கீங்க?”

“ஆப்ல ஏதோ கோளாறா இருக்கும். அதுலயாவது ஏற விடேன்மா” என்று சிரித்தான்.

சைக்கிள் பெட்டி பிரிக்காமல் கூடத்தில் கிடந்தது. துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டை, துவைத்துக் கொடியில் காய்ந்தது. அவன் அரை மணி நேரமாக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

ஜெரூஷா விளையாட்டுப்போல அவன் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினாள். நூற்று நாற்பத்தெட்டு வந்தது.

“எவ்ளோ, டாக்டரம்மா?”

அவள் போனைப் பார்த்தாள். உச்சிக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருந்தது. செங்குத்தான பகுதி இனிமேல்தான்.