யாரும் படிக்காத முறை

கண்ணாடி பதித்த மேசையின் மேல் இரண்டு சுருக்கெழுத்துப் புத்தகங்கள் இருந்தன.

ஒன்று அவளுடையது. பதினெட்டாம் பாடம் முடிந்த இடத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தாள்.

மற்றது பீரோவின் அடித்தட்டிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருந்தது. டீச்சர் ஊதியதும் தூசி பறந்தது.

"பாத்து டீச்சர், பாம்பு கிடக்கப் போவுது" என்றாள் டைப் அடித்துக்கொண்டிருந்த ஒருத்தி. பக்கத்து மெஷின்காரி சிரித்தாள்.

மேசையருகே நின்ற அவள் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று பத்து.

ஒன்றரைக்குக் கூட்டிப்போக அவள் புருஷன் வந்துவிடுவான்.

ஞானசௌந்தரி டீச்சர் முப்பது வருஷமாகச் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுப்பவர். பாதியில் முறையை மாற்றக் கேட்டு அவரிடம் யாரும் வந்ததில்லை.

"பரீட்சைக்கு நீ படிக்கிறதுதாம்மா. கோர்ட்டுலயும் அதுதான். இந்தப் பழைய முறையை இப்ப யாரு எழுதுதா? எனக்கே இதுல ஒரு கோடு வாசிக்கத் தெரியாது."

அவள் அந்தப் பழைய புத்தகத்தையே பார்த்தாள்.

"ஒன் கோடு அவ்வளவு சுத்தமா விழுது. சந்தேகம்னா கேக்க வீட்லயே ஆளு இருக்கு. ஒன் வீட்டுக்காரர் மாதிரி வாசிக்க இந்த ஜில்லாவுல ஆள் கிடையாது. பெறவு எதுக்கு மாத்தணும்ங்கே?"

அவன் கோர்ட்டில் ஸ்டெனோ. நீதிபதி சொன்னது இன்னதுதான் என்பதற்கு அங்கே அவனுடைய நோட்டுதான் ஆதாரம்.

வீட்டில் நோட்டு இல்லை. முந்தின நாள் சொன்னதை மறுநாள் "நான் எப்பச் சொன்னேன்?" என்பான். செய்ததற்கும் அதே கேள்விதான். அந்த நிதானத்தில் அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு நோட்டு வேண்டும். தேதி போட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிவைக்க. தனக்குப் பைத்தியம் இல்லை என்று தானே வாசித்துக்கொள்ள.

அவன் அவளை வேலைக்காகச் சேர்த்துவிட்டான். அவள் இதற்காகச் சேர்ந்தாள்.

சுருக்கெழுத்து படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யார் எதைப் பேசினாலும் விரல் தானாக எழுதும். தொடையில், பஸ் கம்பியில். டீச்சருக்கும் அது உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முழுவதும் அவருடைய வேதப் புத்தகத்தின் அட்டையில் விழும்.

போன ஞாயிறு மதியம் அவன் சாப்பிட்டபடி பேசிக்கொண்டிருந்தான். அவள் அம்மாவைப் பற்றிய பேச்சு. அவள் குழம்புக் கிண்ணத்தோடு நின்றாள். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் விரல் எழுதியது.

அவன் பேச்சை நிறுத்தினான். விரலைப் பார்த்தான்.

வாசித்தான்.

தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் விரலிலிருந்து திருப்பிச் சொன்னான்.

"கடைசிக் கோடு தப்பு" என்றான். விரலைப் பிடித்துத் திருத்தினான்.

விடவில்லை.

"சொல்லும்மா" என்றார் டீச்சர்.

மணி ஒன்று இருபது.

 மேசைக் கண்ணாடியின் மேல் அவள் சுட்டுவிரல் நகர்ந்தது. வீக்கம் வடியாத விரல். மெதுவாகத்தான் எழுதியது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்தார்.

அவருக்கு அது தலைகீழாகத்தான் தெரிந்தது. முப்பது வருஷம் மாணவிகளுக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு அது போதும்.

விரல் எழுதியிருந்தது: வீட்ல அவங்களுக்கு இதை வாசிக்கத் தெரியும்.

டீச்சர் குனிந்து அந்த விரலைப் பார்த்தார். கணுவில் நீலம் பாரித்திருந்தது.

பிறகு டிராயரைத் திறந்து பிரவுன் தாள் எடுத்தார். பீரோவிலிருந்து வந்த புத்தகத்துக்கு அட்டை போட்டார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு, பொய் சொல்லாதே என்பது உட்பட, பத்துக் கட்டளைகளையும் சொல்லிக்கொடுப்பவர் அவர். லேபிளில், அவள் இதுவரை படித்த கோர்ட்டு முறையின் பெயரை எழுதினார்.

பசை தடவி அட்டையில் ஒட்டினார்.

"இது இங்கயே இருக்கட்டும். நீ எழுதப்போற நோட்டும் இங்கயே இருக்கட்டும். பழைய பாடத்தையும் விட்டுராத, அவரு கேட்டா சொல்லணும்லா."

வெளியே ஹார்ன் அடித்தது.

ஒன்றரைக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

எப்போதும் கீழேயே நிற்பவன் அன்று படியேறி வந்தான். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"எப்படிப் படிக்கா டீச்சர்? வீட்ல வெரல் சும்மாவே இருக்க மாட்டேங்கு" என்று சிரித்தான்.

சிரித்துக்கொண்டே பிரவுன் அட்டை போட்ட புத்தகத்தை எடுத்தான். லேபிளை வாசித்தான். கட்டைவிரல் அட்டையின் ஓரத்துக்குப் போனது.



டீச்சர் கையை நீட்டினார்.

"அது நான் படிக்கிற புஸ்தகம் சார்."

"நீங்களா? இன்னுமா படிக்கீங்க?"

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

அவனுக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. உரக்கச் சிரித்தான். புத்தகத்தை நீட்டிய கையில் வைத்தான்.

இருவரும் இறங்கிப் போனார்கள்.

டீச்சர் ஜன்னலருகே நின்றார். ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியது. அவன் முன்னால் பார்த்தபடி ஏதோ பேசிக்கொண்டே போனான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். ஐந்து விரலாலும், எதுவும் எழுதாதபடி, இறுக.

மெஷின்கள் மறுபடி தட்டத் தொடங்கின.

டீச்சர் உட்கார்ந்தார். முதல் பாடத்தைத் திறந்துவைத்தார். கோடு எதுவும் புரியவில்லை.

பென்சிலைச் சீவினார். ஒரு புது நோட்டை எடுத்து, முதல் பக்கத்தின் மேலே, சாதாரண எழுத்தில், அன்றைய தேதியைப் போட்டார்.