சுவர் சரியான இடத்தில்

மேஜை மேல் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அந்த வீட்டுக் குழந்தை குழலி தவழ்ந்தது, நடந்தது, அவளுடைய முதல் பல் விழுந்தது என்று ஆறு வருடப் படங்கள் அதன் வயிற்றில் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது. அவற்றைப் பத்திரப்படுத்த ஒரு புது ஹார்ட் டிஸ்க் வந்து சேர்ந்தது.

“சீக்கிரம் வாங்கிக்கொள்ளப்பா. எனக்கு மூச்சு இரைக்கிறது” என்றது மடிக்கணினி.

ஹார்ட் டிஸ்க் தன்னைத் துடைத்து ஃபார்மட் செய்துகொண்டு, நடுவில் சுவர் வைத்து இரண்டு அறைகளாகப் பிரித்தது. பாதிப் படங்கள் கேபிள் வழியாக வந்ததும், “இந்த அறை போதாது, சுவரைத் தள்ளி வைக்க வேண்டும்” என்று வந்த பிரதிகளை எல்லாம் அழித்துவிட்டது.

“மறுபடியும் முதலிலிருந்தா?” என்றது கேபிள்.

“வேலை என்றால் திருத்தமாக இருக்க வேண்டாமா, அண்ணே?”

இரண்டாம் முறை, செய்த ஃபார்மட் அதற்குப் பிடிக்கவில்லை, அழித்தது. மூன்றாம் முறை, சுவர் பழைய இடத்திலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது, அழித்தது.

“உனக்கு அறை கட்டத்தான் தெரிகிறது, குடிவைக்கத் தெரியவில்லை” என்று இரைத்துக்கொண்டே சொன்னது மடிக்கணினி.

நான்காம் முறை எல்லாம் கச்சிதமாக அமைந்தது. “இப்போது அனுப்பச் சொல்லுங்கள்” என்றது ஹார்ட் டிஸ்க்.

கேபிள் வெகுநேரம் காத்திருந்து பார்த்தது. “அந்தப் பக்கம் மூச்சே இல்லை.”

“அப்படியா? அவர் எழுந்திருப்பதற்குள் சுவரை இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்” என்றது ஹார்ட் டிஸ்க்.