சல்லடை கட்டிய அறை

"ஊர்ல வேற தச்சரே கிடைக்கலையா உங்களுக்கு?"

மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. வந்து நின்ற தச்சருக்கு ஊர் வைத்திருந்த பெயர் சல்லடை. அவர் போட்ட கூரைக்கு அடியில் ஒரு குடும்பமே குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டதாகப் பேச்சு.

"பாவம், ஒரு சந்தர்ப்பம் கொடுப்போமே" என்றார் கணவர். பக்கத்து வீட்டுக்கு ஏணியைக்கூட இரவல் தராதவருக்குத் திடீரென்று இவ்வளவு பெரிய மனசு. மனைவிக்கே புல்லரித்தது.

வேலை இதுதான். வீட்டின் பின்பக்கம், தூண்களின் மேல் ஆளுயரத்தில் ஒரு மரத்தளம். மாலையில் நாற்காலி போட்டு உட்காரும் இடம். அதன் அடியில் சும்மா கிடக்கும் இடத்தை மழை புகாத அறையாக அடைக்க வேண்டும். உள்ளே போகப்போவது, மனைவியின் அப்பா ஆயுள் முழுக்கச் சேர்த்து விட்டுப்போன இருபத்திரண்டு பழைய கேமராக்கள். சொட்டு ஈரம் பட்டால் போதும், லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.

"அப்பா கேமரா ஹால் அலமாரியிலேயே இருக்கட்டுமேங்க."

"ஹால்ல ஒரே தூசி. மாமா சொத்துக்குன்னு தனியா ஒரு அறை வேண்டாமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கேமராவையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். நம்பரோடு பட்டியல் போட்டார்.

"ஆளுங்க வந்துபோற வீடு. ஜாக்கிரதையா இருக்கணும்ல?"

மூன்றாம் நாள் மத்தியானம் மனைவி ஜன்னல் வழியே பார்த்தாள். அறைக் கதவைச் சுற்றி ஒட்டுவதற்காகக் கணவர் வாங்கி வைத்திருந்த ரப்பர் பட்டைச் சுருள்களைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து, பின்வாசல் வழியாக நழுவிக்கொண்டிருந்தார் சல்லடை.

"பட்டப்பகல்ல திருடிட்டுப் போறாருங்க! தண்ணி புகாம இருக்க வாங்கினதே அதுதானே?"

"விடும்மா. அவர் வீட்டுல என்ன கஷ்டமோ!" கணவர் பேப்பரைப் புரட்டினார். முகத்தில் ஒரு மகானின் சாந்தம்.

ஐந்தாம் நாள் கேமராக்களைக் கணவரே சுமந்துபோய் உள்ளே அடுக்கினார். ஆறாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத பேய் மழை. "எடுத்து வீட்டுக்குள்ள வெச்சிடலாங்க" என்று மனைவி இருபது தடவை கெஞ்சினாள். "கதவைத் திறந்தா சாரல் அடிக்கும்" என்று இருபது தடவையும் தடுத்தார் கணவர்.

மழையின் நாலாம் நாள் காலை, தொப்பலாக நனைந்தபடி சல்லடையே வந்து நின்றார்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல சார். திறந்து பார்த்துடலாம்."

"எப்படி வரும் தூக்கம்? பட்டையை முழுங்கிட்டு, வேடிக்கை பார்க்க வேற வந்தாச்சு" என்றாள் மனைவி.

கணவர் ஒரு துக்க முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்து பூட்டைத் திறந்தார்.

உள்ளே காய்ந்த மர வாசனை. கேமராக்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. மனைவி தரையைத் தடவினாள். விரலில் தூசிதான் ஒட்டியது.

"சார் வாங்கின பட்டை தொட்டாலே உதிருதும்மா. கடைக்காரன் சார் தலையில கட்டிட்டான். சொன்னா சார் மனசு கஷ்டப்படுமேன்னு, நானே கொண்டுபோய்ச் சண்டை போட்டு நல்லதா மாத்திட்டு வந்தேன். மேல பலகை இடுக்குல சொட்டுற தண்ணி வெளிய ஓட, அடியில தகடைச் சாய்வா போட்டிருக்கேன்." சல்லடை ஈரக் கைகளைக் கூப்பினார். "என்னை யாருமே நம்பினதில்ல. சார்தான் நம்பினார். அதான், வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சேன்."

சொட்டச் சொட்ட வந்து கணவரை இறுகக் கட்டிக்கொண்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவர் கண்ணிலும் தண்ணீர்.

அத்தனை மழைக்கும் அந்த வீட்டில் நனைந்துபோன ஒரே பொருள், 'இருபத்திரண்டும் மழையில் முற்றிலும் நாசம்' என்று முந்தின நாளே எழுதி, கையெழுத்தும் போட்டு, கணவர் தன் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த இன்சூரன்ஸ் இழப்பீட்டு விண்ணப்பம்.