துணையிழந்த நாரை

அன்று காலையில் மட்டும் பெக் ஹூன் பதினோராவது முறையாகக் கணவனைப் பறிகொடுத்தாள். அப்படியும் நிங் டீச்சருக்குத் திருப்தி இல்லை.

"என்ன ஆன்ட்டி இது? மீன் விலை ஏறிப்போச்சுன்னு கேட்ட மாதிரி நிக்கறீங்க. ஆண் நாரை செத்துப்போச்சு! வேடன் அம்பு விட்டுட்டான்! உலகமே இருண்டு போகணும்!"

உண்மையான கணவர் கோக் லெங், எப்போதும் போடும் கோடு போட்ட அரைக்கால் சட்டையோடு சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பாதி தின்ற பாவ் பன், இன்னொரு கையில் போன். மனைவி ஆடினால் அவர் படம் எடுக்காமல் விட்டதே இல்லை.

மலேசியாவின் தைப்பிங் ஊர்ச் சீனர் சங்க மண்டபத்துக்கு வெளியே வழக்கம்போல மழை. உள்ளே நீளமான வெள்ளைக் கைகள் தொங்கும் உடையில் பன்னிரண்டு பெண்கள். ஐம்பத்தைந்துக்குக் குறைந்தவர் யாரும் இல்லை, ஒருத்திக்கும் இடது காலில் ஷூ இல்லை.

அது நிங்கின் உத்தரவு. சங்கத்தின் நூறாம் ஆண்டு விழாவுக்காக அவளைச் சீனாவிலிருந்தே வரவழைத்திருந்தார்கள். நாரை நடனத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். பொல்லாதவள் இல்லை, படித்தவள், அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை சொல்றேன். இந்த அசைவு எங்க நாட்டுலயே அழிஞ்சுபோச்சு. எங்க பேராசிரியர் மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணி மீட்டெடுத்தார். ஒரு கால் வெறுங்கால், அது விதவையோட அடையாளம். அந்தக் கால் தண்ணி மாதிரி முன்னால ஓடணும். ரெண்டு கையும் வானத்தைப் பிடிக்கணும். இடுப்பு அரைச் சுத்து சுத்தித் தரையில இறங்கணும். வாய் திறக்கணும், ஆனா சத்தம் வரக்கூடாது."

"மத்ததெல்லாம் செஞ்சுடுவேன் டீச்சர். இடுப்புதான் சுத்தாது," என்றாள் பெக் ஹூன். "ஒரு தடவை விழுந்து வச்சேன். இருபத்திரண்டு வருஷமா உள்ள இரும்புத் தகடு."

"கலைக்கு முன்னால இரும்பு என்ன ஆன்ட்டி?"

"ஏர்போர்ட்டுலயே கத்துது டீச்சர்," என்றார் கோக் லெங், வாய் நிறையப் பாவோடு.

நிங் அவரைச் சட்டை செய்யவில்லை. "சூயி கிம் ஆன்ட்டி, நீங்க வாங்க."

மீன் உருண்டைக் கடை சூயி கிம் வந்தாள். ஓடினாள், கையை உயர்த்தினாள், சுற்றினாள், அரிசி மூட்டை சரிவது போலத் தரையில் சரிந்து வாயைப் பிளந்தாள்.

"அற்புதம்!" நிங் கை தட்டினாள். "இந்த வருஷம் நடு நாரை நீங்கதான். பெக் ஹூன் ஆன்ட்டி, நீங்க பின்வரிசைல நாணலா நில்லுங்க."

"நாணலா?"

"ஆமா, புல்லு. காத்தடிக்கறப்ப லேசா அசைஞ்சா போதும்."

முப்பது வருஷமாக நடு நாரை பெக் ஹூன்தான். அம்மா ஆடுவதைப் பார்க்கவென்றே ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மகள் டிக்கெட் போட்டுவிட்டாள். காலைச் சந்தையில் ஒருவர் விடாமல் அழைத்தாயிற்று. இப்போது போய், நான் புல்லு என்று யாரிடம் சொல்வது?

"மனசை விட்டுடாத ஹூன்," என்றாள் சூயி கிம், தரையிலிருந்து எழ முடியாமல். "விழறதுக்கும் ஒரு குடுப்பினை வேணும் லா."

"குடுப்பினை இல்லடி, கொழுப்பு."

கோக் லெங் எழுந்து வந்தார். "வா, வீட்டுக்குப் போலாம். இவங்க ஆட்டமும் வேணாம், புல்லும் வேணாம்."

"இருங்க." பெக் ஹூன் உடையின் நீளக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டீச்சர், நீங்க மீட்டெடுத்தீங்களே, அந்த ஆட்டத்தை ஒருதரம் காட்டுங்க. எந்த மகராசி இப்படி ஆடினான்னு நான் பாக்கணும். பாத்துட்டுப் புல்லா நிக்கறேன்."

நிங் சற்றுத் தயங்கினாள். பிறகு பூஜைப் பொருளைத் தொடுவது போல மடிக்கணினியைத் திறந்தாள். "சாதாரணமா இதை யாருக்கும் காட்டறதில்ல. யாரோ இணையத்துல போட்டிருந்த பழைய படம். எந்த ஊரு, யாரு எடுத்தது, ஒண்ணும் தெரியாது. சத்தமும் கிடையாது. நாப்பது விநாடிதான்."

விளக்கை அணைத்தார்கள். சுவரில் புள்ளி புள்ளியாக ஒரு மேடை தெரிந்தது. இறகு முகமூடி பாதி முகத்தை மறைக்க, ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. சட்டென்று ஷூ இல்லாத இடது கால் முன்னால் ஓடியது. இரண்டு கைகளும் வானத்தைப் பிடிக்கப் பார்த்தன. இடுப்பு அரைச் சுற்று சுற்றித் தரைக்கு வந்தது. வாய் பிளந்தது.

அடுத்த நொடி படமே சரிந்தது. வானம் தெரிந்தது, மழை தெரிந்தது, கோடு போட்ட அரைக்கால் சட்டையில் இரண்டு கால்கள் மேடையைப் பார்த்து ஓடுவது தெரிந்தது. அத்தோடு முடிந்தது.

"அந்த வாயைப் பாத்தீங்களா ஆன்ட்டி?" நிங் சுவரைப் பார்த்துக் கை கூப்பினாள். "அது வலி இல்ல, பிரிவு! நீங்க எவ்வளவு ஆடினாலும் அவங்க கால் தூசுக்கு ஆக மாட்டீங்க."

கோக் லெங் பாவை மெல்ல நாற்காலியில் வைத்தார். மற்ற பதினொரு பெண்களும் அவருடைய அரைக்கால் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெக் ஹூன் இடுப்பைத் தடவிக்கொண்டாள்.

"அந்த ஒத்தை ஷூ இன்னும் கிடைக்கல, டீச்சர்."