ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சோபாவும்

அன்புராஜ் ஸ்டூலில் ஏறிச் சுவரில் பென்சிலால் குறி போட்டார். அவர் மனைவி விஜயராணி என் புது சோபாவில் நட்டநடுவே உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். ஒரு ஒயரை எடுத்துக் கொடுக்கவில்லை, ஸ்டூலைப் பிடிக்கவில்லை. வளையலை மேலே தள்ளுவதும் கீழே இறக்குவதுமாகவே இருந்தாள்.

பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்காத சோபா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த மனிதரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

பாகூரைச் சுற்றி எந்தத் திருவிழா என்றாலும் முன்பெல்லாம் அவருடைய மைக் செட்தான். அதை விற்றுவிட்டு, இப்போது வீடுகளில் ஸ்பீக்கர் மாட்டும் வேலையில் இறங்கியிருக்கிறார். எங்கள் வீடுதான் முதல் வேலை.

கிருமாம்பாக்கத்தில் என் தம்பி செந்தில்நாதன் ஆறு வீடு கட்டுகிறான். ஆறு ஹாலிலும் இதே மாதிரி ஸ்பீக்கர். "நீ கேட்டுப் பாத்துச் சொல்லுக்கா, புடிச்சிருந்தா அவருக்கே குடுத்துடறேன்" என்றிருந்தான். அது அன்புராஜுக்கும் தெரியும். இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

வேனில் இரண்டு செட் கொண்டுவந்திருந்தார். ஒன்று என் தோள் உயரத்துக்குத் தூண் மாதிரி. இன்னொன்று டிபன் டப்பா அளவு.

என் கண் தூணின் மேல்தான் இருந்தது. அவர் இரண்டையும் பாட விட்டார். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சோபாவைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்னதே போதும்க்கா. இந்த ஹாலுக்குப் பெருசு வெச்சா சத்தம்தான் இருக்கும், பேச்சு புரியாது" என்றவர், தூண்களைத் தானே தூக்கி வேனில் ஏற்றிவிட்டார். பெரியதை என் தலையில் கட்டியிருந்தால் நான் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். அங்கேயே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

உரக்கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த என் கணவர் தெய்வசிகாமணி தன் பங்குக்கு வாஸ்து சொன்னார். கனமான பொருள் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டுமாம். அதனால் தரையில் வைத்து தும்தும் என்று அதிரவிடும் பேஸ் பெட்டி தென்மேற்கு மூலைக்குப் போனது.

பாட்டைப் போட்டதும் ஜன்னல், கதவு, ஷோகேஸில் இருந்த எவர்சில்வர் எல்லாம் ஒன்றாக அலறின.

அன்புராஜ் வாதாடவில்லை. பெட்டியைச் சுவரோரமாக ஒரு முழம் நகர்த்தினார். சோபாவைப் பார்த்தார். இன்னொரு முழம் நகர்த்தினார். அலறல் அடங்கியது.

"அந்த மூலையில குத்துவிளக்க வெச்சிடுங்க சார், அதுவும் கனம்தான்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் கணவரை மடக்கிய முதல் ஆள் அவர்தான்.

பக்கவாட்டு ஸ்பீக்கர்களைக் கல்யாண மண்டபத்தில் இருப்பதுபோல உச்சியில் மாட்டச் சொன்னேன். கேட்கவில்லை. சோபாவின் இரண்டு பக்கச் சுவரிலும், உட்கார்ந்தவர் தலைக்குச் சற்று மேலே மாட்டினார். ஒரு மழைக் காட்சியை ஓட விட்டு, ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்புவார், திரும்பிப் பார்ப்பார், மறுபடி திருப்புவார். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை.

நாம் பேசினால் கை வேலையை நிறுத்திவிட்டு நம் முகத்தையே பார்த்துக் கேட்பார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதையா என்று மனசு நிறைந்துபோனது.

விஜயராணி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். விட்டது தொல்லை என்று நான் போய் சோபாவில் உட்கார்ந்தேன்.

மழை என்னைச் சுற்றிப் பெய்தது. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அடித்தது.

அதைச் சொன்னேன். முதுகைக் காட்டி ஸ்டூலில் நின்றவர் திரும்பவில்லை. சத்தமாகச் சொன்னேன். அப்போதும் திரும்பவில்லை. மழை இரைச்சலில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன்.

வீடு அமைதியாகிவிட்டது.

அன்புராஜ் மட்டும் மழை இன்னும் பெய்துகொண்டிருப்பதுபோல ஸ்பீக்கரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு சோபாவைத் திரும்பிப் பார்த்தார். அங்கே நான் இருந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

விஜயராணி சொம்போடு ஓடிவந்தாள்.

"பதினேழு வருஷம் பாக்ஸ் பக்கத்துலயே நின்னு காது ரெண்டும் போயிடுச்சிக்கா. நான் கேட்டுக் காட்டறத வெச்சித்தான் வேல செய்யறாரு. உங்க தம்பிகிட்ட சொல்லிடாதீங்கக்கா."

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்போலிருந்தது. எழுந்து இடம் விட்டேன். அவள் உட்கார்ந்ததும் மழையைப் போட்டேன்.

இடது கை வளையலை மேலே தள்ளினாள். அவர் இடது ஸ்பீக்கரை ஒரு விரற்கடை திருப்பினார். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினார். வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியது. மழை நாலு பக்கமும் ஒரே அளவாகப் பெய்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காது நன்றாக உள்ளவர்கள் செய்த வேலையை எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக எங்கேயும் கேட்டதில்லை.

அவர்கள் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஆறு வூட்டையும் நம்பிக் குடுடா. அவரு சம்சாரமும் கூட வருவாங்க. ஹால் நடுவுல ஒரு நல்ல சேர் போட்டு வை."

"அவங்க எதுக்குக்கா, சும்மா வந்து உக்காரறதுக்கா?"

"சும்மான்னு இன்னொரு வாட்டி சொன்னே, பல்லப் பேத்துடுவன்டா."